எங்களுக்கு முன்னே ஊர் சேர்ந்த வேட்டி

இத்தாள் கைக்கு வந்து படிக்கும் மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

சென்ற தீபாவளிக்கு முந்தின நாள் மதுரை காளவாசல் நெரிசலில் எங்கள் ஆட்டோ வெகுநேரம் நகராமல் நின்றது. பேரன் சலித்துக்கொண்டான். ஓட்டுநர் முன்னால் நின்ற வண்டிக்காரரோடு வாய்ச்சண்டையில் இறங்கிவிட்டார். எனக்கோ சிரிப்பு வந்தது. அதன் காரணத்தை எழுதிவைக்கக் கடமைப்பட்டிருக்கிறேன்.

அது நடந்தபோது எனக்கு ஒன்பது வயது. அக்காவுக்கு அது தலைத்தீபாவளி. திருமணத்தில் நாங்கள் எடுத்த வேட்டியின் கரை மெலிந்திருந்ததென்று அத்தானின் தகப்பனார் பந்தியிலேயே சொல்லியிருந்தார். 'மாப்பிள்ளைக்கு வேட்டி எடுக்கத் தெரியாத வீடு' என்ற அந்தச் சொல்லைப் புகுந்த வீட்டில் அக்கா மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆகவே இம்முறை அப்பா தாமே வேட்டி எடுப்பதென்று முடிவு செய்து, என்னையும் அழைத்துக்கொண்டு திருவாதவூரிலிருந்து மதுரைக்கு வந்தார். ஐந்து கடைகள் ஏறி இறங்கிய பின்பே அகலக் கரை வேட்டியும் அதற்கேற்ற சட்டையும் அமைந்தன. மறுநாள் விடியலில் எண்ணெய் தேய்த்துக் குளித்து வரும் அத்தானிடம் அவற்றைக் கொடுத்தாக வேண்டும்.

பேருந்து நிலையத்தில் கூட்டம் சொல்லி மாளாது. எங்கள் ஊர் வண்டி உள்ளே நுழையும்போதே சனமும் அதனோடு ஓடியது. சன்னல் வழியே துண்டைப் போட்டுவிட்டால் அந்த இருக்கை போட்டவருக்குச் சொந்தம். அதில் வேறொருவர் அமர்வதில்லை என்பது எங்கள் பக்கத்து நியாயம். அப்பா ஓடிக்கொண்டே என்னைத் தூக்கிப் பிடித்து, "போடு தாயி" என்றார். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துப் போட வேண்டும் என்பது அதன் பொருள். என் கையில் இருந்ததோ வேட்டியும் சட்டையும் வைத்த பை. நான் அதைப் போட்டேன்.

பை சன்னலோரத்தில் சௌகரியமாக அமர்ந்துகொண்டது. எங்களுக்குத்தான் படியில் கால் வைக்கவும் இடமில்லை. வண்டி புறப்பட்டுவிட்டது. அப்பா கை தட்டியபடி நிலையத்தின் வாசல் வரை ஓடித் திரும்பினார். நான் அழத் தொடங்கியிருந்தேன்.

அருகில் நின்ற பெரியவர் ஒருவர், "என்னண்ணே, சீட்டப் புடிச்சுட்டு நீங்க கீழ நின்டுட்டீக?" என்றார்.

"துணிமணிக்குக் கொஞ்சம் அவசரம்ணே. அது முன்னால போகுது, நாங்க பையத்தான் வாரோம்" என்றார் அப்பா. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அதுவரை ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருந்தவர்கள், எங்களை அடுத்த வண்டியில் ஏற்றிவிடுவதைத் தங்கள் பொறுப்பாக எடுத்துக்கொண்டார்கள்.

நின்றுகொண்டே பயணம் செய்தோம். வழியில் ஒத்தக்கடையில் பட்டாசுக் கடைக் கூட்டத்தால் வண்டி மாட்டிக்கொண்டது. அப்பா குனிந்து, "இந்நேரம் நம்ம வேட்டி யானைமலையப் பாத்துக்கிட்டுக் காத்து வாங்கிட்டுப் போயிருக்கும்" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அக்காவின் முகமே கண்முன் நின்றது. இந்த மனிதருக்குக் கவலையே கிடையாதா என்று உள்ளூரக் கொதித்தேன். அவர் பிடித்திருந்த என் மணிக்கட்டு சிவந்து வலித்தது. நெரிசலில் நான் விழாதிருக்கப் பிடித்திருக்கிறார் என்றே அன்று எண்ணினேன்.

ஊரில் இறங்கியபோது, பை ஏறி வந்த முதல் வண்டி நிறுத்தத்தில் ஆளில்லாமல் நின்றது. நடத்துநர் தேநீர்க் கிளாசோடு எதிரே வந்தார்.

"அந்தப் பை ஒங்களுதாண்ணே? அம்புட்டுப் பேரும் நின்டுக்கிட்டே வந்தாக, ஒருத்தரும் அதுல ஒக்காரல. கேட்டா, ஆளு வருது, ஆளு வருதுங்குறாக. ஒத்தக்கடை தாண்டுனப்பறந்தான் எந்த ஆளுன்னு கேக்கணும்னே தோணுச்சு."

"ஆளு வந்துருச்சுண்ணே" என்ற அப்பா, என்னை உள்ளே கூட்டிப்போய் அந்த இருக்கையில் உட்கார வைத்தார். "புடிச்ச சீட்டுல ஒக்காராமப் போனா, நின்டுக்கிட்டு வந்தவுகளுக்கு மரியாத இல்ல தாயி." ஓடாத வண்டியில், மடியில் பையோடு, சற்று நேரம் அமர்ந்திருந்தேன்.

வீட்டில் அக்காவும் அத்தானும் வந்து காத்திருந்தார்கள். ஏன் இவ்வளவு தாமதம் என்று அம்மா கேட்டபோது நான் தலைகுனிந்து நின்றேன். அப்பா சொன்னார்: "நாந்தேன், கூறுகெட்டவன், துண்டுக்குப் பதிலா பையத் தூக்கிப் போட்டுட்டேன்." முழுக் கதையையும் நடித்தே காட்டினார். அத்தான் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அக்காவும் சிரித்தாள். அந்த வேட்டியின் கரை அகலமா, மெலிதா என்று அதன்பிறகு ஒருவரும் கேட்கவில்லை. அத்தான் மட்டும் தீபாவளிதோறும், "மாமா, இந்த வருசம் வேட்டி எந்த பஸ்ஸுல வருது?" என்பார். அப்பா ஒருபோதும் திருத்தியதில்லை.

நான் போட்ட பையைத் தாம் போட்டதாகச் சொல்கிறாரே, ஊரே மதித்த இருக்கையைப் பிடித்த பெருமையை என்னிடமிருந்து பறித்துக்கொண்டாரே என்று அன்று அவர்மேல் எனக்கு அடங்காத கோபம். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அதற்கும் அவர் சிரித்தார்.

இப்போது அப்பா இல்லை. சென்ற தீபாவளியிலும் அத்தான் என் பேரனிடம் அவர் கூறுகெட்டதனத்தைச் சொல்லிச் சிரித்தார். நான் சும்மா இருந்துவிட்டேன். ஆகவே இதை எழுதினேன். பையைப் போட்டவள் நான். இத்தாளைத் தொலைத்துவிடாமல் வைத்திருக்குமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.