பதினெட்டில் எட்டு

கத்தோலிக்கச் சாமியார் ஆவதற்காகச் சிறு குருமடத்தில் நாங்கள் சேர்ந்த அன்று பதினெட்டுப் பேர் இருந்தோம். ஐந்து வருஷம் லத்தீன் படித்துக் கடைசிப் பரீட்சையில் தேறினால் பெரிய குருமடத்துக்கு ரயில் ஏறலாம். அங்கே இன்னும் பல வருஷம் படித்த பிறகுதான் குருப்பட்டம். அதெல்லாம் எங்களுக்கு வெகு தூரத்தில் இருந்தது. கண்ணுக்கு எட்டியது லத்தீன் பரீட்சை ஒன்றுதான்.

முதல் வாரத்திலேயே ஒருவன் அம்மாவை நினைத்து அழுது, மதிலேறிக் குதித்து மந்தைவெளியில் இருந்த வீட்டுக்கே நடந்து போய்விட்டான். அடுத்த கோடையில், ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணமே காலியானபோது எங்களையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது நான்கு பேரைக் காணவில்லை. ஒருவனுக்குப் பார்வை போதாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். மூன்று பேரை லத்தீன் அனுப்பியது. இரண்டு தடவை தோற்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். கடைசி வருஷம் தொடங்கும்போது ஒன்பது பேர் மிஞ்சியிருந்தோம்.

அந்த ஜூன் மாதம் குருமடத் தலைவரான ரெக்டர் சாமி எங்கள் வகுப்புக்கு ஒரு கடிதத்தோடு வந்தார். ஆயர் இல்லத்திலிருந்து, அதாவது பிஷப்பிடமிருந்து, வந்த கடிதம். அதைப் பையன்களிடம் படித்துக் காட்டுவது வழக்கமே இல்லை. அவர் படித்தார். ஒவ்வொரு வகுப்பிலும் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள் என்று கேட்டிருந்தார்கள். எங்களுக்கு முந்தின வகுப்பில் முடித்தது இரண்டே பேர். இப்படியே போனால் இந்தக் குருமடத்தை மூடிவிட்டுப் பையன்களை வேறு மறைமாவட்டத்தில் படிக்க வைக்கலாமே என்று கடைசி வரியில் இருந்தது.

"நான் ஒரு வருஷம் அவகாசம் கேட்டிருக்கேன்" என்றார் ரெக்டர் சாமி. கடிதத்தை மடித்து அங்கிப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று விளையாட்டு நேரத்தில் யாரும் பந்தைத் தொடவில்லை. வாதுமை மரத்தடியில் கூடி நின்றோம். முதலில் பேசியது கடல்காரன். சாந்தோம் கடற்கரைக் குப்பத்திலிருந்து வந்தவன். அப்பா கட்டுமரம் போகிறவர். எங்களில் யாருக்காவது தேறுவது சந்தேகம் என்றால் அது அவனுக்குத்தான். போன வருஷம் ஒரு தடவை தோற்றிருந்தான்.

"ஒம்போது பேரும் போவணும்" என்றான். "ஒருத்தன் கொறயக்கூடாது. இன்னா சொல்றீங்க?"

என்ன சொல்வது? அதுவரை ஒவ்வொருவனும் தன் தலை தப்பினால் போதும் என்று படித்துக்கொண்டிருந்தோம். ஒன்பது பேரையும் சேர்த்து நினைத்தது அன்றைக்குத்தான். நான் வகுப்புத் தலைவன். ஒரு தாளில் அட்டவணை போட்டேன். யார் யாருக்குச் சொல்லிக் கொடுப்பது, எந்த நேரத்தில், எந்தப் பாடம். கடல்காரனை வாத்தியார் மகனிடம் ஒப்படைத்தேன்.

வாத்தியார் மகன் மயிலாப்பூர்க்காரன். அவன் அப்பா லஸ் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியர். லத்தீனில் எங்களில் அவனுக்கு ஈடு கிடையாது. எங்கள் லத்தீன் சாமியார் ஐரோப்பியர். லத்தீனை இங்கிலீஷில் விளக்குவார். இங்கிலீஷே தொண்டையில் நிற்கும் பையனுக்கு லத்தீன் எப்படி இறங்கும்? வாத்தியார் மகன் இங்கிலீஷை ஒதுக்கி வைத்துவிட்டுக் கடல்காரனைக் கேட்டான்.

"மீனவன் வலையை வீசினான். இதுல 'வலையை'ன்னு எதுக்கு ஐ போட்ட?"

"வீசறது வலைய. ஐ போடாக்காட்டி எத வீசினான்னு எப்படித் தெரியும்?"

"அதேதான்டா லத்தீனும். நம்ம வேற்றுமை உருபுதான் அங்க வால் மாத்தி ஒட்டிக்கிட்டிருக்கு."

லத்தீனில் மீனவனுக்கு பிஸ்காத்தோர் என்று பெயர். பிஸ்காத்தோரெம், மீனவனை. பிஸ்காத்தோரி, மீனவனுக்கு. பிஸ்காத்தோரிஸ், மீனவனுடைய. கடல்காரனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "எங்கப்பனத்தான் இத்தினி நாளா படிச்சிகினு இருந்தனா?" என்றான். ஒரு வாரத்தில் அந்தச் சொல்லைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான். ஒரு மாதத்தில் நாங்கள் எல்லோருமே அந்த வழிக்கு மாறிவிட்டோம். கிணற்றடியில் துணி துவைக்கும்போதுகூட வேற்றுமை ஓடிக்கொண்டிருக்கும்.

மழைக்காலம் தொடங்கிய சமயம், வாத்தியார் மகன் என்னைக் கோயிலுக்குப் பின்னால் அழைத்துப் போனான்.

"நான் போறேன்டா. ரெக்டர் சாமிகிட்ட சொல்லிட்டேன்."

விளையாடுகிறான் என்று நினைத்தேன்.

"லத்தீன் எனக்குப் பிடிச்சிருக்கு. சாமியாராகறது பிடிக்கல. ரெண்டும் ஒண்ணுன்னு இத்தனை நாள் நினைச்சிட்டிருந்தேன். பொய்யா பரீட்சை வரைக்கும் உட்கார்ந்து எண்ணிக்கையைக் கூட்டச் சொல்றியா?"

கூட்டு என்று சொல்லத்தான் எனக்கு வாய் வந்தது. கோபத்தில் அவனை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டேன். மறுநாள் காலைப் பூசைக்கு அவன் இடம் காலியாக இருந்தது. நாங்கள் எட்டுப் பேர் ஆனோம்.

கடல்காரன்தான் மிகவும் உடைந்துபோனான். நான் அவனுக்குச் சொல்லிக் கொடுக்க உட்கார்ந்தேன். இரண்டு நாளில் எனக்கே குழம்பியது. தியாகராய நகரில், பனகல் பார்க் பக்கம் திருநெல்வேலிக்காரர் ஒருவரின் ஜவுளிக் கடையில் கடிதம் எழுதும் வேலையில் வாத்தியார் மகன் சேர்ந்திருப்பதாக அவன் தம்பி மூலம் தெரிந்தது. கூடவே ஒரு சீட்டும் வந்தது. "வியாழக்கிழமை மத்தியானம் முதலாளி எனக்கு லீவு கொடுத்திருக்கிறார். அடையாறு கடலில் சேருகிற இடத்தில் இருப்பேன். கடல்காரனைக் கூட்டிக்கொண்டு வா."

வியாழக்கிழமைதான் நாங்கள் வரிசையாக வெளியே நடக்கப் போகிற நாள். ஆனால் குருமடத்தை விட்டுப் போனவனோடு பேசக்கூடாது என்பது எங்களுக்கு இருந்த கட்டளை. திருட்டுத்தனமாகப் பேசி மாட்டிக்கொண்டால் கடல்காரனின் பெட்டியும் வெளியே போகும், என் பெட்டியும் போகும். மூன்று நாள் சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். நான்காம் நாள் நேராக ரெக்டர் சாமியின் அறைக் கதவைத் தட்டி, சீட்டை அவர் கையிலேயே கொடுத்துவிட்டேன்.

அவர் இரண்டு தடவை படித்தார்.

"யார் யாருக்குத் தெரியும்?"

"எனக்கும் கடல்காரனுக்கும் மட்டும், சாமி."

"அவன் போனதுக்கு உனக்குக் கோபம்தானே?"

"ஆமா, சாமி."

"எனக்கும்தான்." சீட்டைத் திருப்பிக் கொடுத்தார். "வியாழக்கிழமை நானும் நடக்க வரேன். நான் இருக்கிற இடத்தில பேசினா கட்டளையை மீறினதாகாது."

நான் அந்த அறையிலிருந்து நடந்து வந்தேனா, ஓடி வந்தேனா, நினைவில்லை. கடல்காரனிடம் சொன்னதும் அவன் என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினான்.

அந்த வருஷம் வியாழக்கிழமைக்காகவே நாங்கள் உயிரோடு இருந்தோம் என்று சொல்லலாம். கடற்கரையோரம் தெற்கே நடப்போம். முகத்துவாரத்து மணலில் வாத்தியார் மகன் வேட்டி சட்டையோடு சைக்கிளைச் சாய்த்து வைத்துக் காத்திருப்பான். முதல் தடவை அவனை அங்கி இல்லாமல் வேட்டியில் பார்த்தபோது யாரோ அந்நியனைப் போல இருந்தது. பத்து நிமிஷத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. மணலிலேயே விரலால் எழுதுவான், காலால் அழிப்பான். கடல்காரன் மட்டுமில்லாமல் எட்டுப் பேரும் சுற்றி உட்கார்ந்துகொள்வோம். ரெக்டர் சாமி கொஞ்சம் தள்ளிக் குடை பிடித்துக்கொண்டு செபப் புத்தகத்தைப் படிப்பார். படிக்கிறாரா, எங்கள் பேச்சைக் கேட்கிறாரா என்று தெரியாது. ஒரு நாள் வாத்தியார் மகன் ஒரு வினைச்சொல்லைத் தப்பாகச் சொல்லிவிட்டான். குடைக்கு அடியிலிருந்து சரியான சொல் வந்தது. எட்டுப் பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அடுத்த வாரத்திலிருந்து அவரும் எங்களோடு மணலில் உட்கார்ந்தார்.

ஏப்ரலில் பரீட்சை. எழுத்து முடிந்த பிறகு வாய்மொழி. வெளியிலிருந்து மூன்று சாமியார்கள் வந்து மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள். ஒவ்வொருவராக உள்ளே போனோம். வெயில் கொளுத்தியது. கடல்காரன் உள்ளே போனதும் நாங்கள் ஜன்னலுக்குக் கீழே குந்திக்கொண்டோம். பிடிபட்டால் தண்டனைதான், ஆனால் ஒருவன்கூட நகரவில்லை.

ரோமானியப் படை ஆற்றைக் கடக்கிற பகுதியை அவனுக்குக் கொடுத்தார்கள். அவன் நிதானமாக மொழிபெயர்த்துக்கொண்டே போனான். பாதியில் குரல் நின்றது. படகுகளைப் பற்றிய ஒரு வாக்கியம். ஒரு சொல்லுக்கு அவனுக்கு அர்த்தம் தெரியவில்லை.

"சாமி, இந்தச் சொல்லு எனக்குத் தெரியாது" என்றான் கடைசியில். "ஆனா படகெல்லாம் பக்கத்துல பக்கத்துல நிக்குது. அப்படி நின்னா ஓட்டத்துல ஒண்ணோட ஒண்ணு மோதி உடையும். அதனால கட்டித்தான் ஆவணும். இந்தச் சொல்லு கட்டுறதாத்தான் இருக்கணும்."

உள்ளே ஒரு சாமியார் பெரிதாகச் சிரித்தார். "கட்டுகிறதுதான். மேலே படி" என்றார்.

மறுநாள் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் ரெக்டர் சாமி முடிவைப் படித்தார். முதல் பெயர், இரண்டாவது, மூன்றாவது. ஐந்தாவதாகக் கடல்காரன். அவன் இருந்த பெஞ்சே குலுங்கியது. ஏழு பெயர்கள் வந்தன. என் பெயர் வரவில்லை.

நான் வாய்மொழியில் தேறிவிட்டேன். எழுத்தில் நான்கு மதிப்பெண் குறைந்துவிட்டது. எட்டுப் பேருக்கும் அட்டவணை போட்டவன் தனக்கென்று உட்கார்ந்து எழுதிப் பார்க்கவே இல்லை. எனக்கு அது முதல் தோல்வி, இன்னொரு வாய்ப்பு இருந்தது. ஆனால் அந்த நேரத்தில் காதில் எதுவும் விழவில்லை.

மற்ற பையன்கள் கோடை விடுமுறைக்குக் கிளம்பினார்கள். நான் மறுபரீட்சைக்காகக் குருமடத்திலேயே தங்கினேன். கடல்காரனும் வீட்டோடு இருந்துவிடவில்லை. தினமும் குப்பத்திலிருந்து நடந்து வந்து, குருமடத்து வராந்தாவில் என் எதிரே உட்கார்ந்தான்.

"எழுது" என்பான். "மீனவனுக்கு வலையைக் கொடுத்தார்கள். எழுது. இன்னா யோசன?"

ஒரு நாளைக்கு இருபது வாக்கியம். தப்பு வந்தால் அதையே பத்துத் தடவை எழுத வைத்தான். அவன் கண்டிப்பைப் போல எந்தச் சாமியாரிடமும் நான் கண்டதில்லை. மே மாதக் கடைசியில் மறுபரீட்சை எழுதினேன். திருத்தி முடிக்கும்வரை ரெக்டர் சாமி என்னை வாசலிலேயே நிற்க வைத்தார். பிறகு தாளை என் பக்கம் திருப்பினார். தேறியிருந்தேன், தாராளமாகவே.

"எட்டுப் பேர்னு ஆயருக்கு நான் எழுதிக்கறேன். நீ போய் அவன்கிட்ட சொல்லு" என்றார். "என் சைக்கிளை எடுத்துக்கோ."

யாரிடம் என்று நான் கேட்கவில்லை. மயிலாப்பூரிலிருந்து தேனாம்பேட்டை வழியாக அங்கி பறக்க மிதித்தேன். ஜவுளிக் கடையில் கல்யாணக் கூட்டம். பட்டுப்புடவை மடிப்புகளுக்கு நடுவே வாத்தியார் மகன் சிறிய மேஜையில் எழுதிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் பேனாவை வைத்தான்.

"எட்டா?" என்றான்.

"எட்டு."

அவன் எழுந்து நின்றான். அப்புறம் என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்துகொண்டான். கண் கலங்கியிருந்தது. நெற்றி நிறையத் திருநீறோடு கல்லாவில் இருந்த முதலாளி இதையெல்லாம் கவனித்துவிட்டார்.

"என்னவே, என்ன சமாசாரம்?"

"அண்ணாச்சி, எங்க வகுப்பு எட்டுப் பேரும் பாஸ்."

"நீரு அதுல இல்லையே?"

"இல்லை அண்ணாச்சி. நான் கடையிலதானே இருக்கேன்."

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கடைப் பையனை அனுப்பி இரண்டு கலர் சோடா வாங்கி வரச் சொன்னார். கடல்காரனின் படகு வாக்கியத்தை நான் சொல்ல, வாத்தியார் மகன் முழுசாகக் கேட்டான். முடித்ததும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னான். அதற்குள் புடவை பார்க்க வந்த இரண்டு பெண்களும் நின்று கேட்டார்கள். ரோமானியப் படை ஆற்றைக் கடந்ததா என்று அதில் ஒருத்தி கேட்டாள்.

கடந்துவிட்டது என்று சொன்னேன்.