வெர்லின் வாய் திறக்கக் கூடாத சனிக்கிழமை

மாடு இரும்புக் கூண்டைவிட்டு இறங்கியதும் வெர்லின் டெஷ்சின் வாய் மூடிக்கொள்ளும். அதுவரை மழை, பால் விலை, மக்காச்சோளம், யார் வீட்டு நாய் யாரைக் கடித்தது என்று ஓயாமல் பேசிக்கொண்டிருந்த மனிதர், குளம்பு சீவும் இயந்திரத்தை அணைத்துவிட்டு, கையுறையைக்கூடக் கழற்றாமல், அந்த மாடு கொட்டகையின் மறுகோடிக்கு நடந்து போவதையே பார்த்துக்கொண்டு நிற்பார். முதுகு வளைகிறதா, தலை ஆடுகிறதா, எந்தக் காலை ஊன்றத் தயங்குகிறது? இருபது அடி நடந்தால் போதும், ஓர் எண் சொல்லிவிடுவார். ஒன்று என்றால் பழுதில்லாத கால். ஐந்து என்றால் கசாப்பு லாரிக்குச் சொல்லி அனுப்ப வேண்டியதுதான்.

"வச்சுக்கலாமா, அனுப்பிடலாமா?" என்று பண்ணைக்காரர்கள் கேட்பார்கள். கெவானி மாவட்டத்தில் முப்பத்தொரு வருடமாக இந்தக் கேள்விக்கு வெர்லின் ஒரு தடவைகூட மழுப்பியதில்லை. மாட்டுக்குச் செல்லப் பெயர் இருந்தாலும் சரி, பண்ணைக்காரர் வீட்டுச் சின்னப் பெண் பக்கத்தில் நின்று கண்ணைக் கசக்கினாலும் சரி. "நாலு. அனுப்பிடு" என்பார். சொல்லிவிட்டு அந்தப் பெண்ணோடு சேர்ந்து தானும் மூக்கைச் சிந்துவார்.

இவர் லாடம் அடிக்கிறவர் இல்லை, மருத்துவரும் இல்லை. பால் மாடுகளின் குளம்பைச் சீவி, புண்பட்ட பக்கம் பாரம் விழாமல் மரக்கட்டை ஒட்டி அனுப்புகிறவர். வயது ஐம்பத்தெட்டு, எடை இருநூற்று அறுபது பவுண்டு. தொப்பியில் எப்போதும் ஒரு வைக்கோல் துரும்பு இருக்கும். வீட்டில் எடுத்துப் போட்டாலும் தேவாலயத்துக்குப் போவதற்குள் இன்னொன்று எங்கிருந்தோ வந்துவிடும்.

தேவாலயம் என்றதும் இதையும் சொல்லிவிட வேண்டும். நற்கருணை வாங்க வரிசையில் போகிறவர்களையும் இவர் விட்டுவைப்பதில்லை. "ரெண்டு... ரெண்டு... அடடா, இவருக்கு மூணு" என்று முணுமுணுப்பார். மனைவி பெவ் தொடையில் கிள்ளுவாள். ஒரு தடவை பாதிரியாரிடமே போய், "உங்க இடது இடுப்பை டாக்டர்கிட்ட காட்டிட்டு வாங்க" என்றார். பாதிரியார் சிரித்தார். நான்கு மாதம் கழித்து ஆபரேஷன் முடிந்து வந்தவர், எல்லோருக்கும் வணக்கம் சொல்லுமுன் வெர்லினைத்தான் தேடினார்.

"இப்போ என்ன நம்பர்?"

"ஒண்ணரை. அவசரப்படாதீங்க."

ஆனால் வெர்லினின் உண்மையான சந்தோஷம் வேறு இடத்தில் இருக்கிறது. நொண்டுகிற காலைக் காட்டத்தான் எல்லோரும் அவரைக் கூப்பிடுகிறார்கள். அபூர்வமாக, போன மாதம் மூன்றாக இருந்த மாடு இந்த மாதம் ஒன்றாக நடந்து வந்துவிட்டால் அவர் படுத்தும் பாடு இருக்கிறதே! பண்ணைக்காரரைக் கூப்பிடுவார், அவர் மனைவியைக் கூப்பிடுவார், பால் ஏற்ற வந்த லாரி டிரைவரையும் விடமாட்டார். "வெளியே வாங்கப்பா! வந்து பாருங்க, எப்படிப் போறான்னு!" பசுவை 'அவன்' என்பது அந்தச் சமயத்தில் மட்டும்தான்.

இனி அவர் சேர்ந்திருக்கும் லீக் கதை. ஆகஸ்ட் கடைசிச் சனிக்கிழமை மத்தியானம் லோயிஸ் கடையில் பத்துப் பேர் கூடுவார்கள். மீன் பொரியலும் பிராந்தியும் கிடைக்கிற சாதாரண மதுக்கடை. தேசம் முழுதும் தொழில்முறையாக, பந்தைக் கையில் பிடித்து ஓடும் அமெரிக்க ஃபுட்பால் ஆடுகிறவர்களின் பெயர்களை ஆளுக்கு ஒன்றாகச் சுற்றி வந்து, பதினைந்து சுற்றில் பதினைந்து பெயர் எடுத்துக்கொள்வார்கள். ஒருவர் எடுத்த பெயரை இன்னொருவர் எடுக்க முடியாது. எடுத்தவன் களத்தில் எத்தனை கஜம் ஓடினான், எத்தனை பந்து பிடித்தான் என்பது வாராவாரம் புள்ளியாக மாறி இவர்கள் கணக்கில் சேரும். கிறிஸ்துமஸ் சமயம் முன்னால் இருப்பவர் பெயரைப் பழைய பால் கேன் ஒன்றில் ஆணியால் குத்தி எழுதுவார்கள். இருபத்திரண்டு வருடத்து இருபத்திரண்டு பெயர்கள் அதில் இருக்கின்றன. பால் லாரி ஓட்டும் கோர்டி வாட்லெட் பெயர் நான்கு தடவை இருக்கிறது. வெர்லின் டெஷ் என்ற பெயர் ஒரு தடவைகூட இல்லை.

இதைவிட அநியாயம் உண்டா? இந்த ஆட்டத்தில் ஜெயிப்பதும் தோற்பதும் அடிபட்டுத் திரும்புகிறவர்களைக் கணிப்பதில்தான் இருக்கிறது. யார் கால் உண்மையிலேயே தேறியது, யாருடையது வெறும் பேட்டியில் மட்டும் தேறியது என்று தெரிந்தவனுக்கே கேன். அது தெரிந்த ஒரே ஆள் வெர்லின். அவர் பக்கத்து நாற்காலிக்கு வருடா வருடம் அடிதடி நடக்கும்.

"யோவ் வெர்லின், இந்தப் பையன் முழங்கால் எப்படி?"

"மூணு. கிட்டக்கூடப் போகாதே."

"அப்போ அவன்?"

"அவன் தங்கம். சட்டுனு எடு."

கோர்டி சட்டென்று எடுப்பான். வீட்டுக்கு வந்ததும் பெவ் தலையில் அடித்துக்கொள்வாள். "ஏன்யா சொன்னே?" என்றால், "கேட்டா சொல்லணும்ல? கால் விஷயமாச்சே" என்பார். அவ்வளவுதான் அவருடைய தத்துவம்.

இந்த வருடம் மட்டும் பெவ் விடுவதாக இல்லை. கேனில் இன்னும் ஒரே ஒரு பெயருக்குத்தான் இடம் இருந்தது. அதன் பிறகு கேன் மேல் தட்டுக்குப் போய்விடும். அடுத்த வருடத்திலிருந்து கோப்பை வாங்கிக்கொள்ளலாம் என்று லோயிஸ் சொல்லிவிட்டாள். கோப்பை யாருக்கு வேண்டும்? வெர்லினுக்கு அந்தக் கேன் வேண்டும். இதைப் பற்றி ஜூலை முழுதும் அவர் ஒன்றும் பேசவில்லை; அவர் ஒன்றும் பேசாததை வைத்தே பெவ் புரிந்துகொண்டாள்.

அப்போதுதான் டாலிவர் கதைக்குள் வந்து சேர்ந்தான். ஜவாரிஸ் டாலிவர் ஒரு வைட் ரிசீவர். கோட்டோரமாகப் பாய்ந்து, வெட்டித் திரும்பி, வருகிற பந்தைப் பிடிப்பது அவன் வேலை. போன அக்டோபரில், யாரும் தொடாமலே, வலது குதிகால் தசைநார் அறுந்து விழுந்தான். வயது முப்பத்தொன்று. தொடவே கூடாதவர்கள் பட்டியலில் எல்லாப் பத்திரிகைகளும் அவனை முதலில் போட்டிருந்தன. வெர்லினும் அப்படித்தான் நினைத்திருந்தார், பயிற்சி முகாமில் ஒரு ரசிகர் கைபேசியில் எடுத்த வீடியோப் படத்தைப் பார்க்கிற வரைக்கும். அவன் ஓடுவதை எல்லோரும் பார்த்தார்கள், ஓட்டம் சுமார்தான். ஓட்டம் முடிந்த பிறகு, படம் எடுத்தவர் நிறுத்த மறந்த கடைசி நான்கு விநாடியை வெர்லின் பார்த்தார். சமையலறை மேசையில் உட்கார்ந்து பதினேழு தடவை பார்த்தார்.

"பெவ்! ஒண்ணு! பெவ், அவன் ஒண்ணு! இங்க வா, எப்படின்னு காட்டறேன்..."

"காட்டாதே." பெவ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "என்கிட்டயும் சொல்லாதே. நீ பார்த்தது உன்னோடயே இருக்கட்டும். உலகத்துல வேற யாருக்கும் தெரியாதுல்ல?"

"தெரியாது."

"பதினொண்ணாவது சுத்துல எடு. அதுக்கு முன்னால எடுத்தா, வெர்லின் எடுக்கறான்னா விஷயம் இருக்குன்னு அத்தனை பேரும் மோப்பம் பிடிச்சிடுவாங்க. அதுவரைக்கும் வாயைத் திறந்தே, பார்த்துக்கோ!"

ஒரு வாரம் ஒத்திகை நடந்தது. பாத்திரம் கழுவிக்கொண்டே பெவ் திடீரென்று, "டாலிவர் எப்படி?" என்பாள். வெர்லின், "தெரியல" என்பார். ஆனால் காது இரண்டும் சிவந்துவிடும். கடைசியில் அவளே வழி கண்டுபிடித்தாள். "யாராவது கேட்டா வாயில சீஸ் துண்டைப் போட்டுக்கோ. வாய் நிறைய இருந்தா பேச்சு வராது."

சனிக்கிழமையும் வந்தது. அம்பு எறியும் பலகைக்குப் பக்கத்துச் சுவரில் பெரிய அட்டை மாட்டியிருந்தது. எடுத்த பெயருக்கான ஒட்டுத்தாளை உரித்து அவரவர் கட்டத்தில் ஒட்ட வேண்டும். ஒவ்வொரு ஒட்டலுக்கும் ஒரு கூச்சல், ஒரு கேலி. வெர்லின் முன்னால் பொரித்த சீஸ் துண்டுகள் ஒரு கூடை. நான்காவது சுற்றில் இரண்டாவது கூடை.

"என்னய்யா, இன்னைக்குப் பேச்சையே காணோம்?" என்றான் கோர்டி. "நொண்டின்னா உனக்குப் பிடிக்குமே, டாலிவரை எடுக்கலையா? நொண்டினாலும் முகம் களையா இருக்கே!"

எல்லோரும் சிரித்தார்கள். வெர்லின் இரண்டு துண்டை ஒரே வாயில் போட்டுக்கொண்டு தலையை ஆட்டினார். காது சிவந்ததை மிளகாய்த்தூள் மேல் பழிபோட்டுத் தப்பித்தார். ஏழு, எட்டு, ஒன்பது என்று சுற்று போனது. டாலிவர் பெயரை யாரும் எடுக்கவில்லை. பத்தாவது சுற்று முடிந்தபோது வெர்லினின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மூன்றாவது கூடை காலியாகிவிட்டது. பெவ்வுக்கு, "அடுத்து நான்தான்" என்று கைபேசியில் தட்டினார்.

சரியாகச் சொன்னால் அடுத்து மார்லா டெபாக்கர், அதற்கடுத்து அவர். மார்லா தொண்ணூறு மாடு வைத்துத் தனியாகப் பண்ணை நடத்துகிறவள். லீக்கில் அவளுக்கு இது இரண்டாவது வருடம். பந்தை உதைக்கிற ஒருத்தன் பெயரைப் பாதி உரித்துவிட்டாள். உரித்தவள் சும்மா இருந்திருக்கலாம். பட்டியலை இன்னொரு தடவை மேலிருந்து கீழே பார்த்தாள்.

"இந்த டாலிவர் இன்னும் இருக்கானே. பாவம்." வெர்லின் பக்கம் திரும்பினாள். கேட்டதில் சூது எதுவும் இல்லை. கொட்டகை வாசலில் கேட்கிற அதே குரல்தான். "வச்சுக்கலாமா வெர்லின், அனுப்பிடலாமா?"

வெர்லினின் கை கூடைக்குப் போயிற்று. கூடையில் எண்ணெய்த் தாள்தான் இருந்தது.

ஒரு வார்த்தை போதும். 'அனுப்பிடு' என்றால் முடிந்தது. உதைக்கிறவனை ஒட்டிவிட்டு அவள் உட்கார்ந்துவிடுவாள். வெர்லின் காலிக் கூடையைத் தள்ளி வைத்தார். மார்லாவைப் பார்த்தார். இவ்வளவு நல்ல செய்தியை ஒரு மனிதன் எத்தனை நாள்தான் தனியாக வைத்துக்கொண்டிருப்பான்? உள்ளுக்குள்ளிருந்து பொங்கி வந்தது சந்தோஷம்தான், வேறொன்றும் இல்லை.

"எல்லாரும் இங்க பாருங்கப்பா!"

நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். கடையின் நடுவில் வந்து நின்றார். எதையும் பிடிக்காமல், வலது காலில் மட்டும் தன் இருநூற்று அறுபது பவுண்டையும் நிறுத்தி, இடது பூட்ஸைக் கழற்றினார்.

"ஓடி முடிச்சிட்டு வர்றான். ஷூவுக்குள்ள கல்லு. பக்கத்துல ஒருத்தன்கூடச் சிரிச்சுப் பேசிக்கிட்டே கழட்டறான், இப்படி." பூட்ஸைத் தலைகீழாகப் பிடித்து உதறினார். "நாலு விநாடி. எந்தக் கால்ல நிக்கறான் பாத்தீங்களா? அறுந்த கால்ல! அப்படி ஒரு கால் இருந்ததையே மறந்துட்டான்யா அவன். ஒண்ணு! சுத்தமான ஒண்ணு!"

கோர்டியின் பியர் பாதி வழியில் நின்றது.

"டாலிவர்" என்றாள் மார்லா மெதுவாக.

மேசைமேல் கைபேசி அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்தது. வெர்லின் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. மார்லா உரித்து நீட்டிய டாலிவர் ஒட்டுத்தாளை வாங்கிக்கொண்டு, ஒரு காலில் பூட்ஸும் ஒரு காலில் சாக்ஸுமாக அட்டை வரைக்கும் போய், அவள் கட்டத்தில் கோணாமல் ஒட்டி, பெயர் உரிந்து விழாதபடி நான்கு மூலையையும் கட்டைவிரலால் ஒவ்வொன்றாக அழுத்தினார்.