அண்ணன் பூட்டிய பெட்ரோல் டேங்க்

எங்கள் அண்ணன் நல்லூரில் பிறந்தார். தந்தையார் மறைந்தபோது அவருக்கு மீசைகூட அரும்பவில்லை. அம்மாவையும் தம்பியாகிய என்னையும் காப்பாற்றப் பனியன் கம்பெனியில் சேர்ந்து, பின்னல் மிஷின் ஃபிட்டராகி, பிறகு சொந்தமாகவும் மிஷின் போட்டார். யாரிடமும் குரலை உயர்த்தியதில்லை. சொன்ன சொல்லை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டார்.

வேகமான கார் அவருடைய ஆசை. பழைய கார் ஒன்றை வாங்கி, கூரையை அறுத்தெடுத்து, பெரிய இஞ்சினை ஏற்றினார். “குன்னத்தூர்ல இருந்து பொண்ண இதுலதான் கூட்டிட்டு வருவேன்” என்று கல்யாணத்துக்கு முன்பே சொல்லிவிட்டார்.

பெட்ரோல் டேங்க் துருப்பிடித்து ஒழுகியது. பல்லடத்துப் பட்டறையில் புதிய டேங்க் செய்து வாங்கி, தாமே பூட்டினார். உரசாமலிருக்க அடியில் தோல் வைத்து, இரும்புப் பட்டைகளால் இறுக்கினார். அதற்கு முன் உட்புறத்தை நன்றாகத் துடைத்தார். எங்கள் ஊரில் எதைத் துடைக்கவும் கைக்கு வருவது பனியன் வேஸ்ட் எனும் கழிவுப் பஞ்சுதான். பிழை அங்கேதான் நேர்ந்தது.

கல்யாணம் முடிந்தது. ராகு காலத்துக்கு முன் மணப்பெண் எங்கள் வீட்டுக்குள் நுழைய வேண்டும். பெருமாநல்லூர் தாண்டியதும் கார் விக்கி விக்கி நின்றது. உடன் வந்த பெண்ணின் தாய்மாமா இறங்கிப்போய், பக்கத்துத் தோட்டத்தில் சவாரி வண்டியொன்றைக் கேட்டுப் பூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

“ஏனுங் மாப்பிள்ளை, மாடு பெட்ரோல் கேக்காதுங்க. பொண்ண ஏறச் சொல்லுங்க.”

“சித்த பொறுங்க மாமா” என்றார், பட்டு வேட்டியோடு காருக்கு அடியில் படுத்திருந்த அண்ணன். குழாயைக் கழற்றி, டேங்கின் வாயில் கம்பியை விட்டு இழுத்தார். திரிதிரியாகப் பஞ்சு வந்தது.

அண்ணி எட்டிப் பார்த்தார். “ஏனுங்க, டேங்குக்கும் பனியன் போட்டு உட்டீங்களா?”

மாமாவும் சிரித்துவிட்டார். “சிரிச்சா நேரம் நிக்குமா கண்ணு? வந்து வண்டியில ஏறு.”

“நான் எறங்க மாட்டனுங்க. இந்தக் கார்ல கூட்டிட்டுப் போறேன்னுதானுங்க சொன்னாங்க.”

குழாயை மாட்டியதும் கார் உறுமிக் கிளம்பியது. ராகு காலத்துக்கு முன்பே அம்மா ஆரத்தி எடுத்தார். மாப்பிள்ளையின் வேட்டி முழுக்கக் கிரீஸ். அதன்பிறகு டேங்குக்குப் பக்கத்தில் பனியன் வேஸ்டைக் கொண்டுபோக அண்ணன் யாரையும் விட்டதில்லை.

உடல் தளர்ந்த பிறகு, மருத்துவமனைக்கும் அந்தக் காரில்தான் போனார். நான் ஓட்டினேன். அவர் கையைப் பிடித்தபடி அண்ணி உட்கார்ந்திருந்தார். கார் ஒருநாளும் வழியில் நிற்கவில்லை.

அண்ணன் மறையும்வரை துணைநின்ற மருத்துவர்களுக்கும், கம்பெனித் தோழர்களுக்கும், நல்லூர் மக்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அன்றும் இறங்காத, கடைசிவரை இறங்காத எங்கள் அண்ணியை வணங்குகிறோம்.