அத்தையின் வயிற்றில் ஓடியது

சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் அத்தையின் வயிற்றில் அது கிளம்பும். தொப்புளருகே ஒரு மேடு எழும்பி, மெல்ல நகர்ந்து, கடமுடவென்று சத்தமிட்டு அடங்கும். மெலிந்த உடம்பு, சேலை விலகினால் கண்ணுக்கே தெரியும். முதன்முதலில் பார்த்தபோது நான் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். என் தலையெழுத்து, அதை அத்தை கவனித்துவிட்டார். குற்றமுள்ளவள்தான் முகத்தைத் திருப்புவாள் என்று மருமகளான என்னைப் பற்றி அன்றே முடிவுகட்டிவிட்டார்.

இரண்டாம் உலகச் சண்டைக்காலம் அது. திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டுக்கு நான் வாழவந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஆகாதவர்களுக்குச் சோற்றில் 'மருந்து' வைப்பார்கள், அது குடலில் ஒட்டிக்கொண்டு ஆளை உருக்கும் என்பதை எங்கள் பக்கத்தில் நம்பாதவர் கிடையாது. "உசுரோட ஓடுது பாருங்க. வெச்சவ வெளங்குவாளா?" என்று அத்தை என் காதுபடவே சொல்வார். அடுப்படிக்குள் நான் கால்வைக்கக் கூடாது என்றாயிற்று. அவரே ஆக்கி, அவரே எனக்கும் போட்டார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவர் களி கிண்டுவதைப் பார்த்தால் பாவமாகவும் இருக்கும், பற்றிக்கொண்டும் வரும்.

சங்ககிரியிலிருந்து மருந்தெடுக்கிறவளை வரவழைத்தார்கள். அவள் அத்தையின் வயிற்றில் ஒரு குழலை வைத்து உறிஞ்சி, மயிரும் கறுப்பு உருண்டையுமாக எதையோ தட்டில் துப்பினாள். அதை வாயில் அடக்கிக்கொண்டே வந்திருப்பாள் என்பது என் சந்தேகம். சொன்னால் யார் கேட்பார்? என் வீட்டுக்காரர் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. என்னைத் தாய்வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவதென்று பேச்சானது.

ஆனால் மருந்தை எடுத்த பிறகும் மேடு எழும்பியது. அத்தை வாந்தியெடுக்கத் தொடங்கினார். பெட்ரோல் தட்டுப்பாட்டால் அப்போது கரியில் ஓடிய பஸ்ஸில் ஏற்றிச் சேலத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். தூக்கித் துடைக்க ஆள் வேண்டுமே, அதனால் நானும் போனேன்.

டாக்டரம்மா வயிற்றில் கையை வைத்துக் காத்திருந்தார். மேடு எழும்பியது. "இதுதானாம்மா? இது குடலோட வேலை" என்றார். குடல் வெறும் குழாய் இல்லை, அதன் சுவரெல்லாம் தசை. குடித்த கஞ்சியை அங்கங்கே இறுக்கிப் பிசைந்து, முன்னும் பின்னும் அலசிச் சீரண நீரோடு கலக்கும், பிறகு மேலிருந்து இறுக்கிக் கீழே தள்ளும் என்றார். எல்லார் வயிற்றிலும் நடப்பதுதான். அத்தைக்குப் பாதை ஓரிடத்தில் குறுகிவிட்டதால் குடல் முக்கித் தள்ளுகிறது, அதுதான் வெளியே தெரிகிறது, அறுத்துச் சரிசெய்ய வேண்டும்.

அத்தைக்கு நம்பிக்கை வரவில்லை. "எல்லாருக்குமுங்களா?"

டாக்டரம்மா என்னைப் பக்கத்தில் படுக்கவைத்து, ஸ்டெதாஸ்கோப்பை என் வயிற்றில் வைத்து, மறுமுனையை அத்தையின் காதில் மாட்டினார். கேட்கக் கேட்க அத்தையின் முகம் வெளுத்தது.

"அட சாமி, உனக்குமா வெச்சுட்டாங்க! யாரு கையில வாங்கித் தின்ன?"

"உங்க கையிலதானுங்க அத்தை. வேற யாரு எனக்குச் சோறு போட்டாங்க?"

கோபமாகத்தான் சொன்னேன். என் வீட்டுக்காரர் தலைகுனிந்துகொண்டார். அத்தை காதிலிருந்து குழாயைக் கழற்றினார். பிறகு டாக்டரம்மாவிடம், "அறுத்தே பாத்துருங்க" என்றார்.

பிழைத்துக்கொண்டார். தாய்வீட்டுப் பேச்சை அதன்பின் யாரும் எடுக்கவில்லை. இன்று வயிறு இரைந்தால் பிள்ளைகள் கேலிசெய்து சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. அன்று வயிற்றை அறுத்த பிறகு, ஆஸ்பத்திரியில் முதல் கஞ்சியை ஆற்றி நான்தான் நீட்டினேன். அத்தை கையில் வாங்கி, என் முகத்தையே பார்த்தார்.

"நீயும் ஒரு வாய் குடி சாமி" என்றார்.

பாசத்தில் சொன்னாரா, சோதித்துப் பார்த்தாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் குடித்த பிறகுதான் அவர் குடித்தார்.