துடைத்து வைத்த இருபது பெட்டி

பிளம்ஸ் பழத்தின் தோலில் வெள்ளையாக ஒரு மாவு படிந்திருக்கும். விரல் பட்டால் போய்விடும், போனால் திரும்ப வராது. பழத்தைக் கண்ட கையும் தொடவில்லை, பறித்து நாளாகவில்லை என்பதற்கு நகரத்துக் கடைக்காரர்கள் அந்த மாவைத்தான் பார்ப்பார்கள். அதனால் எங்கள் தோட்டத்தில் பழத்தைப் பிடிப்பதே கிடையாது. காம்பைப் பிடித்து ஒரு திருகு, அப்படியே பெட்டியில் வைத்துவிடுவோம். இது எனக்கு நடக்கத் தெரிந்த நாளிலிருந்து தெரியும். அதுதான் வினையாகப் போயிற்று.

வில்பட்டிக்கு அப்பால், மலைச்சரிவு முழுக்கப் பழ மரங்கள் நிற்கும் பெரிய தோட்டம் அது. என் அப்பாவும் அம்மாவும் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து இங்கே லயத்தில், தோட்டம் தரும் வரிசை வீடுகளில், குடியேறியவர்கள். அப்பா இறந்த பிறகு, பழம் பறிக்கும் ஆட்களுக்கு என்னை மேஸ்திரியாகப் போட்டார்கள். மேஸ்திரி வேலை இருக்கும்வரைதான் லயத்து வீடு. அந்த வீட்டில்தான் அம்மா எழுந்து நடக்க முடியாமல் படுத்திருந்தாள்.

அந்த மே மாதம் முதல் லோடு, பழம் அதிகம் கனிந்துவிட்டது என்று திரும்பி வந்தது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "இன்னொரு லோடு திரும்பிச்சுன்னா நான் வேற மேஸ்திரியப் பாத்துக்கிடுவேன்" என்றார். சத்தம் போடவில்லை. அவர் சத்தம் போட்டிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் இருந்திருக்காது.

சீசன் நேரத்தில் பறிப்புக்கு ஆள் கிடைப்பது குதிரைக் கொம்பு. எல்லாரும் டவுனில் லாட்ஜ் வேலைக்குப் போய்விடுவார்கள். மன்னவனூரிலிருந்து ஆறு பெண்களை ஜீப்பில் வரவழைத்தேன். கேரட், உருளைக்கிழங்குக் காட்டிலேயே பழகியவர்கள். அவர்களில் மூத்த அக்காவுக்கு ஐம்பது வயது இருக்கும். சாப்பாட்டுத் தூக்கை என் வீட்டில் வைக்க வந்தவள், நான் கேட்காமலே அம்மாவைத் தூக்கி உட்காரவைத்து வெந்நீர் கொடுத்தாள். அம்மா அவளிடம் வீட்டுக் கதையெல்லாம் சொல்லிவிட்டாள்.

பனி காய்ந்ததும் வேலை தொடங்கியது. பதினோரு மணிக்குள் லாரி கிளம்பியாக வேண்டும். அதற்குமேல் மலைப்பாதையில் டூரிஸ்ட் வண்டிகள் நகராது, பழம் வெயிலில் வெந்துவிடும். புது ஆட்களுக்கு எந்த நிறத்தில் பறிப்பது, காம்பை எப்படித் திருகுவது, ஏணியை எங்கே சாய்ப்பது எல்லாம் காட்டினேன். மாவைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறக்கவில்லை, அதைச் சொல்ல வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. பிறகு மேல் சரிவில் கிழிந்துபோன பறவை வலையைக் கட்டப் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது மணி பத்து. பெட்டி அடுக்கும் கொட்டகையில் அந்த அக்கா உட்கார்ந்து, முந்தானையால் ஒவ்வொரு பழமாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருபது பெட்டி பளபளவென்று இருந்தது.

"என்னக்கா பண்றீங்க?"

"தூசி படிஞ்சு கெடக்குல்ல தாயி. தொடச்சு வச்சாத்தான பாக்க லெச்சணமா இருக்கும்? எங்க ஊர்ல கழுவாத கேரட்ட ஒருத்தரும் சீந்த மாட்டாங்க."

வாய்க்கு வந்ததைப் பேசுகிறவள் என்று லயம் முழுக்க எனக்குப் பேர். அன்று திட்ட வாய் வரவில்லை. மெதுவாக விஷயத்தைச் சொன்னேன். அவள் கையிலிருந்த பழத்தைக் கீழே வைத்தாள். "நீங்க சொல்லலையே தாயி" என்றாள். அதில் குற்றச்சாட்டு இல்லை, எனக்குத்தான் சுருக்கென்றது.

மறுபடி பறிக்க நேரமில்லை. பெட்டி குறைந்தாலும் கேள்வி வரும். அந்த இருபதையும் லாரியில் உள்வரிசையில் அடியில் வைத்து, நல்ல பெட்டிகளை முன்னால் அடுக்கினேன். அவளும் எடுத்துக் கொடுத்தாள். நான் செய்தது திருட்டுத்தனம்தான், தெரிந்தேதான் செய்தேன்.

சரக்கு வாங்கும் கம்பெனியின் செக்கர், மேனேஜரோடு வந்தார். மேலே ஒரு பெட்டியைத் திறந்தார். காம்பைப் பிடித்து ஒரு பழத்தைத் தூக்கித் திருப்பிப் பார்த்தார். பக்கத்துப் பெட்டியையும் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். நான் மூச்சு விட்டேன்.

"உள்வரிசையில அடியில இருந்து ஒண்ணு எடுங்க" என்றார்.

எடுத்தார்கள். பழங்கள் எண்ணெய் தடவியதுபோல மின்னின. அவர் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் என்னைப் பார்த்தார்.

"இதத் தொடைக்கக் கூடாதுன்னு புது ஆளுங்களுக்கு நீ சொல்லிக் குடுக்கலையா?"

அதற்குள் பின்னாலிருந்து அந்த அக்காவின் குரல் கேட்டது.

"சொன்னாங்க சார். ரெண்டு தடவ சொன்னாங்க. நாந்தான் பழக்க தோசத்துல தொடச்சுப்புட்டேன். அது தெரியாமத்தான் அவங்க வண்டியில ஏத்துனாங்க."

நான் மறுத்திருக்கலாம். எல்லாரும் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் தரையைப் பார்த்தேன்.

"நாளையிலேருந்து இந்தம்மா வர வேண்டாம்" என்றார் மேனேஜர். இருபது பெட்டியை இறக்கிப் போட்டார்கள். மீதி லோடு பதினோரு மணிக்குக் கிளம்பியது.

தூக்கை எடுக்க அவள் என் வீட்டுக்கு வந்தபோது கேட்டேன், "ஏங்க்கா அப்படிச் சொன்னீங்க?"

"எனக்கு ஊர்ல கேரட் காடு கெடக்கு. ஒங்கம்மாவத் தூக்கிக்கிட்டு நீங்க எங்க போவீங்க?"

மேனேஜரின் ஆபீஸ் அங்கிருந்து கூப்பிடு தூரம். நான் போகவில்லை. சாயங்காலம் ஜீப் வரும்வரை அவள் அம்மாவின் கட்டிலருகே பேசிக்கொண்டிருந்தாள். நான் பறிப்புக்குத் திரும்பிவிட்டேன்.

அம்மா இப்போது இல்லை. வீடு இருக்கிறது. புது ஆட்கள் வந்தால், முதலில் ஒரு பழத்தை என் முந்தானையால் துடைத்துக் காட்டுகிறேன். இதைச் சொல்லாமல் விட்டது நான்தான், என் தப்புக்கு இன்னொருத்தி வேலையை விட்டுப் போனாள் என்று தயங்காமல் சொல்கிறேன். சொல்வதில் இப்போது கஷ்டம் எதுவும் இல்லை. அந்த மேனேஜர் மாற்றலாகிப் போய் ரொம்ப நாளாகிறது.