கையெழுத்தில்லாமல் கைமாறிய லேப்டாப்

ஒரு பொருள் ஒருவர் பொறுப்பிலிருந்து இன்னொருவர் பொறுப்புக்குப் போனால், கொடுத்தவர் ஒரு கையெழுத்து, வாங்கியவர் ஒரு கையெழுத்து. ஆவடியில் ஒரு தொழிற்சாலை ஸ்டோர்ஸில் இருந்த காலமெல்லாம் இந்த விதியைச் சொல்லியே பலர் உயிரை வாங்கியிருக்கிறேன். மேலதிகாரியின் மேஜை விசிறியையே இரண்டாவது கையெழுத்து இல்லையென்று திருப்பி அனுப்பியவன் நான்.

ஓய்வு பெற்றபின், ஓர் ஆடி மாதம், வேலப்பன்சாவடி பக்கம் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர்களைச் சரிபார்க்கக் கூப்பிட்டார்கள். ரெஜிஸ்டர் கிடையாது, எல்லாம் சாஃப்ட்வேர். எந்த எண்ணுள்ள கம்ப்யூட்டர் யார் பொறுப்பில் என்று திரையில் வந்துவிடும். ஒரு லேப்டாப் மட்டும் காணவில்லை. அதற்கு நேரே இருந்தது, மேனாம்பேட்டிலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு லேப் உதவியாளரின் பெயர்.

"நான் அத கண்ணால கூட பாத்ததில்ல சார்" என்றார் அந்தப் பெண்.

கையெழுத்து எங்கே என்று நான் கேட்டிருக்க வேண்டும். திரையில்தான் இருக்கிறதே என்று, 'இவர் பொறுப்பில் இருந்தபோது காணாமற்போனது' என எழுதி ஒப்பமிட்டேன். மறுநாளே அவரை இடைநீக்கம் செய்தார்கள்.

அடுத்த வாரம் சாவிகளை ஒப்படைக்க வந்தவர், என் எதிரே உட்கார்ந்து அந்த சாஃப்ட்வேரில் தன் பாஸ்வேர்டைப் போட்டார். வேலை செய்தது. இடைநீக்கம் ஆனவரின் பாஸ்வேர்டை நிறுத்தவும் ஒரு விதி உண்டு, விடுங்கள். அவருடைய கம்ப்யூட்டரின் பக்கம் திறந்தது. திரையின் மேலே, இணைய முகவரியின் கடைசியில் அதன் எண். அதை அழித்து, இந்த வேலைக்காகக் கல்லூரி எனக்குக் கொடுத்திருந்த லேப்டாப்பின் எண்ணைத் தட்டினார். என் பக்கம் வந்தது. பொறுப்பாளர் என்ற இடத்தில் தன் பெயரைப் போட்டுச் சேமித்தார். நீ யார், உனக்கென்ன உரிமை என்று சாஃப்ட்வேர் கேட்கவே இல்லை. மாற்றியது யார் என்றும் குறித்து வைக்கவில்லை.

"இப்போ உங்க லேப்டாப் எங்கிட்ட கீது சார். நான் தொட்டனா? இப்டிதான் எவனோ அத என் தலைல கட்டிகீறான்."

அன்றே என் அறிக்கையை எழுத்துமூலம் திரும்பப் பெற்றேன். நிர்வாகம் அசையவில்லை. சாஃப்ட்வேர் விற்ற நிறுவனம் கோளாறை எழுத்தில் ஒப்புக்கொண்டால்தான் அவரை மறுபடி சேர்ப்பார்களாம். என்னிடமே கற்றுக்கொண்டதுபோல் பேசினார்கள். நிறுவனத்துக்குப் படிப்படியாக விளக்கிக் கடிதம் எழுதினேன். பிறகு மூன்று நினைவூட்டல்கள்.

திங்கள்தோறும் அவர் போன் செய்வார். "வந்திச்சா சார்?" ஒருமுறை, "அந்தக் கம்பெனிக்காரங்க லேப்டாப் நம்பரயும் போட்டு எம்பேருக்கு மாத்திப் பாத்தீங்களா சார்?" என்றார். சிரிக்க முடியவில்லை.

கடைசியில் இரண்டு வரி வந்தது: கோளாறு உண்மை, சரிசெய்துவிட்டோம். ஆயுத பூஜைக்கு லேப் கம்ப்யூட்டர்களுக்குச் சந்தனப் பொட்டு வைத்தது அவர்தான். எனக்கும் ஒரு தட்டில் சுண்டல் கொடுத்தார், கையெழுத்து கேட்காமல்.

விதியெல்லாம் தெரிந்த நான் ஒரு திரையை நம்பி அவர் வேலையைப் பறிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஆடியில் நான் செய்த அந்தத் தவறைத் திருத்தும் பதில் வர, மகாளய அமாவாசைக்கு மறுநாள் வரை ஆயிற்று.