ஓதின தண்ணீரும் கூடத்துப் பனையும்

கூடத்தில் தொட்டியில் இருக்கும் அரேக்கா பனையை வாங்கிவந்தது நான்தான். அப்பாவுக்கு, எங்கள் வாயில் அத்தாவுக்கு, சிறுநீரகம் பழுதாகி, ஒரு நாள் விட்டு ஒரு நாள் கள்ளக்குறிச்சிக்கு டயாலிசிஸுக்குப் போய்வர ஆரம்பித்திருந்தோம். உளுந்தூர்பேட்டையில் லாரி உதிரிபாகக் கடையில் நாளெல்லாம் உட்கார்ந்திருந்தவர், இப்போது வீட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். கண்ணுக்குப் பச்சையாக ஏதாவது இருக்கட்டும் என்று, திரும்பும் வழியில் ஒரு நர்சரியில் காரை நிறுத்தச் சொன்னேன்.

ஒரு சென்னைக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே மென்பொருள் சோதிப்பது என் வேலை. பிழை என்றால் காரணங்களை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வருவேன். பனையின் நுனிகள் பழுப்பானபோதும் அதையே செய்தேன். போர் தண்ணீரின் உப்பாக இருக்கலாம். கேன் தண்ணீருக்கு மாற்றினேன். ஏசி காற்றாக இருக்கலாம், தொட்டியை நகர்த்தினேன். தண்டோரம் பஞ்சு போல மாவுப்பூச்சி அப்பியிருந்தது. சோப்புத் தண்ணீரில் வேப்பெண்ணெய் கலந்து ஓலை ஓலையாகத் துடைத்தேன். பூச்சி போயிற்று, பழுப்பு போகவில்லை. பிறகு மண்ணிலிருந்து பொடிக் கருப்பு ஈக்கள் கிளம்பி, மீட்டிங் நடக்கும்போது திரையில் வந்து உட்கார்ந்தன. ஈரம் அதிகம் என்று புரிந்தது. தண்ணீரை அடியோடு நிறுத்தினேன். மண் காயவே இல்லை.

வேலை, ஆஸ்பத்திரி, அத்தாவுக்குத் தனியாக உப்பு குறைத்த சமையல். இதற்கு நடுவில் ஒரு செடியோடும் மல்லுக்கட்டத் தெம்பில்லை. தூக்கிப் போட்டுவிடலாமா என்றுகூட இருந்தது.

அம்மா தினமும் சாயங்கால அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசலுக்கு ஒரு பாட்டில் தண்ணீரோடு போய், அங்கே தொழவைக்கும் ஹஜ்ரத்திடம் ஓதி வாங்கிவந்து அத்தாவின் தலைமாட்டில் வைப்பார். நாள் முழுக்க அத்தா குடிக்கலாம் என்று டாக்டர் சொன்ன அளவே அந்த பாட்டிலைவிடக் குறைவு. நான் சொல்லிப் பார்த்தேன். ஓதின தண்ணீர் அந்தக் கணக்கில் சேராது என்பது அம்மாவின் முடிவு. ஆரம்பத்தில் ஒருநாள் அத்தா அதை முழுவதும் குடித்துவிட்டு, மூச்சு வாங்கி, படுக்க முடியாமல் உட்கார்ந்தே கிடந்தார். அதற்குப் பிறகு கால் வீக்கம் வடிந்தது, மூச்சும் சீரானது. எல்லாம் அந்தத் தண்ணீரால்தான் என்று அம்மா சொந்தக்காரர்களுக்கெல்லாம் போனில் சொன்னார். பாட்டில் தினமும் காலியாகத்தான் இருந்தது. எனக்குக் கணக்கு உதைத்தது. அதையும் நோண்டத் தெம்பில்லாமல் விட்டுவிட்டேன்.

ஒரு மதியம் அம்மா உள்ளே தொழுதுகொண்டிருந்தார். நான் சமையலறை வாசலுக்கு வந்தபோது, அத்தா நாற்காலியைப் பிடித்துக் குனிந்து, அந்த பாட்டிலைப் பனைக்குச் சாய்த்துக்கொண்டிருந்தார். ஒரு சொட்டுகூடத் தரையில் சிந்தாமல், நிதானமாக.

“இன்னாத்தா பண்றீங்க?”

“ஓதின தண்ணிம்மா. சாக்கடைல ஊத்தக் கூடாது. கால் படாத எடம் வூட்ல இது ஒண்ணுதான்.”

அம்மாவிடம் சொல்லிவிடலாமே என்றேன்.

“ஒரு மூடி குடிக்கிறேன். மீதி இது குடிக்குது. இதுக்கு டாக்டர் இல்ல பாரு.” பாட்டிலை மூடினார். “சொல்ல வாணாம்மா. வெயில்ல நடந்துக்கினு எடுத்தாறா. அவளால செய்ய முடியறது இது ஒண்ணுதான்.”

நான் சொல்லவில்லை. சொன்னால் அம்மா எதிரில் உட்கார்ந்து குடிக்கவைப்பார், அத்தாவும் குடித்துவிடுவார். அதனால் என் வேலைகளில் இன்னொன்று கூடியது. அம்மா தொழும் நேரத்தில் பாட்டிலை மாடிக்கு எடுத்துப்போய் கறிவேப்பிலைத் தொட்டிக்கு ஊற்றுகிறேன். பனையைப் பிடுங்கி, அழுகிய வேரை வெட்டி, மணல் கலந்த புது மண்ணில் வைத்தேன். இன்னும் தேறியபாடில்லை.

போன வாரம் அம்மா பனையின் முன் நின்று ஒரு ஓலையைத் தடவிப் பார்த்தார்.

“நீயும் இன்னாமோ மருந்தெல்லாம் அடிக்கிற. அத்தாவோட தண்ணில ரெண்டு மூடி இதுக்கும் ஊத்திப் பாரேன். அவருக்கே கேக்குது, இதுக்குக் கேக்காதா?”

அத்தா சிரிப்பை அடக்கிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

“ஊத்தறேம்மா,” என்றேன். அம்மா நகராமல் நின்றதால், அப்போதே ஊற்ற வேண்டியிருந்தது.